முதல் புத்தகத்தை எங்கே கொடுப்பது? ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

"கையில் பன்னிரண்டு சிறுகதைகள் இருக்கின்றன. ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பி எட்டு மாதம் ஆகிறது, பதில் இல்லை. இன்னொருவர் முப்பதாயிரம் ரூபாய் கொடுத்தால் சென்னைப் புத்தகக் காட்சிக்கே கொண்டுவந்துவிடலாம் என்கிறார். நண்பர்களோ, பேசாமல் கிண்டிலில் போடு என்கிறார்கள். நான் என்ன செய்வது?"

புதிதாக எழுத வருகிறவர்கள் என்னிடம் கேட்பது இது. ஊரும் தொகையும் கதைகளின் எண்ணிக்கையும்தான் மாறுகின்றன. கேள்வி இதுவேதான். ஆடி முடிந்து புத்தகக் காட்சிப் பேச்சு தொடங்கியதும் இது அதிகமாக வரும். கேட்பவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே பாதி முடிவு செய்துவிட்டு, மீதிப் பாதிக்கு ஒருவர் தலையசைக்க வேண்டும் என்று காத்திருப்பவர்கள். அப்படித் தலையசைக்க எனக்கு மனம் வருவதில்லை. முதல் புத்தகம் எப்படி வெளியாகிறது என்பது அடுத்த பத்தாண்டுகளுக்கு ஓர் எழுத்தாளரோடு கூடவே வரும். அதனால் ஒவ்வொரு வழியையும் ஒரே அளவுகோல்களால் அளந்து பார்ப்போம்.

எதை வைத்து எடை போடுவது

எனக்கு முதல் அளவுகோல், அச்சுக்குப் போகும் முன் உங்கள் எழுத்தை யார் வாசிக்கிறார் என்பது. நண்பர், உறவினர், முகநூல் வாசகர் எல்லோரும் வாசிப்பார்கள். ஆனால் "இது இன்னும் தயாராகவில்லை" என்று சொல்லும் உரிமையும், சொல்வதற்கான காரணமும் உள்ள ஒருவர் அந்த வழியில் இருக்கிறாரா?

இரண்டாவது, புத்தகம் விற்காவிட்டால் நட்டம் யாருக்கு? முதல் அளவுகோலும் இதுவும் ஒன்றோடொன்று பிணைந்தவை. தன் பணத்தைப் போடுகிறவர் கவனமாக வாசிப்பார். உங்கள் பணத்தை வாங்கிக்கொள்கிறவருக்கு வாசிக்க வேண்டிய தேவையே இல்லை. இந்தக் கட்டுரை முழுவதும் நான் எடுக்கும் நிலைப்பாடு இதிலிருந்துதான் பிறக்கிறது.

மூன்றாவது, உரிமை யாரிடம் போகிறது? அச்சு உரிமையைக் கொடுக்கும்போது மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமைகளும் சேர்ந்து போய்விடுகின்றனவா? நான்காவது, வெளியான பிறகு புத்தகம் எங்கே கிடைக்கும்? கடைசியாகக் காலம். புதிய எழுத்தாளர்கள் முதலில் கேட்பது இதைத்தான். நான் மிகக் குறைந்த எடை தருவதும் இதற்குத்தான்.

1. இதழ்களும் போட்டிகளும்

தொகுப்பாக வருவதற்கு முன் கதைகள் தனித்தனியாக வெளியாவது தமிழில் நெடுங்கால வழக்கம். இன்று வெகுஜன வார இதழ்களில் கதைக்கான பக்கங்கள் சுருங்கிவிட்டன. கல்கி 2020இல் அச்சை நிறுத்தி இணையத்துக்குப் போய்விட்டது. ஆனாலும் இடமே இல்லை என்று சொல்ல முடியாது. காலச்சுவடு, உயிர்மை, உயிர் எழுத்து, கணையாழி, செம்மலர், நீலம் போன்ற இதழ்கள் இருக்கின்றன. இணையத்தில் சொல்வனம், அகழ், வாசகசாலை, மலேசியாவிலிருந்து வரும் வல்லினம் ஆகியவை தீவிரமாக வாசிக்கப்படுகின்றன.

வாசிப்பு, நட்டம் என்ற இரண்டு அளவுகோல்களிலும் இந்த வழிதான் முன்னால் நிற்கிறது. ஆசிரியர் ஒருவர் படித்துத் தேர்ந்தெடுக்கிறார், உங்களுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. சன்மானம் பெரிதாக இருக்காது. இணைய இதழ்கள் பலவற்றில் அறவே இருக்காது. அதற்கு ஈடாகக் கிடைப்பது வேறு. தொகுப்போடு பதிப்பகத்தை அணுகும்போது, "இவற்றில் ஐந்து கதைகள் இன்னின்ன இதழ்களில் வெளியானவை" என்ற ஒற்றை வரி, மூன்று பக்கத் தன்விவரக் குறிப்பைவிட அதிகம் பேசும். 1970இல் தொடங்கிய இலக்கியச் சிந்தனை அமைப்பு, இதழ்களில் வரும் கதைகளிலிருந்து மாதம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஆண்டு முடிவில் அவற்றுள் சிறந்ததைத் தேர்ந்துவந்தது. இதழில் வெளியாகும் கதையை எங்கோ ஒருவர் எடைபோடுகிறார் என்ற நம்பிக்கையைத் தமிழில் வளர்த்தவை இத்தகைய அமைப்புகள்.

மறைந்திருக்கும் செலவு, காத்திருப்பு. பல இதழ்கள் நிராகரிப்பைத் தெரிவிப்பதில்லை. மூன்று மாதம் பொறுத்து, ஒரு மின்னஞ்சலில் கதையைத் திரும்பப் பெறுவதாகத் தெரிவித்துவிட்டு வேறு இதழுக்கு அனுப்புங்கள். ஒரே கதையை ஒரே நேரத்தில் நான்கு இதழ்களுக்கு அனுப்பி, இரண்டில் வெளியாகிவிட்டால் அந்த இரண்டு ஆசிரியர்களும் உங்கள் பெயரை மறக்க மாட்டார்கள்.

முகநூலில் கதையை முழுவதுமாகப் பதிவிடும் பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பெரும்பாலான இதழ்களும் போட்டிகளும் வேறெங்கும், இணையத்தில்கூட, வெளியாகாத படைப்பையே கேட்கின்றன. நூறு விருப்பக் குறிகளுக்காக ஒரு கதையின் முதல் வெளியீட்டு உரிமையைச் செலவழித்துவிடாதீர்கள்.

போட்டிகளில் வாரமலரின் டி.வி.ஆர். நினைவுச் சிறுகதைப் போட்டி, தினமணி – சிவசங்கரி சிறுகதைப் போட்டி போன்றவை பரவலாக அறியப்பட்டவை. எந்தப் போட்டியானாலும் விதிமுறையில் இரண்டைப் பாருங்கள். நுழைவுக் கட்டணம் கேட்கிறார்களா? பரிசு பெறாத கதைகளின் உரிமையையும் எடுத்துக்கொள்கிறார்களா? இரண்டாவதற்கு "ஆம்" என்றால் பரிசுத் தொகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விலகிவிடுங்கள்.

கல்லூரி மாணவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். நூறு பேரிடம் ஆளுக்குச் சில நூறு ரூபாய் வாங்கி, ஆளுக்கு ஒரு கவிதையைச் சேர்த்துத் தொகுப்பு நூல் போட்டு, சான்றிதழும் பட்டமும் கொடுக்கும் அறிவிப்புகள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. அந்தத் தொகுப்பை வாங்குகிறவர்கள் அதில் எழுதியவர்கள் மட்டுமே. அங்கே உங்கள் கவிதையை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அந்தப் பணத்தில் நல்ல கவிதைத் தொகுப்பு ஒன்றை வாங்கி வாசித்தால் உங்கள் அடுத்த கவிதைக்கு அது உதவும்.

2. தன் செலவில் வெளியிடும் பதிப்பகம்

பதிப்பகமே செலவு செய்து, உங்களுக்கு ராயல்டி (விற்பனையில் எழுத்தாளருக்கான பங்கு) தரும் முறை இது. தமிழில் அச்சு நூலுக்குப் புத்தக விலையில் 10 சதவீதம் என்பது பொதுவான வழக்கு. முன்பு முதல் பதிப்பே ஆயிரம் படிகள் அடித்தார்கள். டிஜிட்டல் அச்சு வந்த பிறகு நூறு, இருநூறு என்று தேவைக்கு ஏற்ப அடிப்பது சாதாரணமாகிவிட்டது. இதனால் புதியவருக்கு இடம் கொடுக்கும் துணிச்சல் பதிப்பகத்துக்குக் கூடியிருக்கிறது. அதே சமயம், நூறு படிகளோடு ஒரு புத்தகம் ஓசையில்லாமல் நின்றுபோவதும் எளிதாகிவிட்டது.

பணக் கணக்கை ஒளிக்காமல் பார்ப்போம். 200 ரூபாய் விலையுள்ள புத்தகம் முந்நூறு படிகள் விற்றால் உங்களுக்கு 6,000 ரூபாய். முதல் சிறுகதைத் தொகுப்புக்கு முந்நூறு என்பது நல்ல விற்பனை. ஆக, இந்த வழியைப் பணத்துக்காகத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை. ஆசிரியரின் திருத்தம், ஒழுங்கான மெய்ப்பு (அச்சுக்கு முன் பிழை பார்த்தல்), பதிப்பகத்தின் பெயர் தரும் நம்பிக்கை, புத்தகக் காட்சி அரங்கு, கடைகளுக்குப் போகும் விநியோகம் ஆகியவைதான் இங்கே கிடைக்கும் உண்மையான ஊதியம்.

அனுப்பும் முன் பதிப்பகத்தின் நூல் பட்டியலை வாசியுங்கள். மொழிபெயர்ப்பிலும் அரசியல் நூல்களிலும் நாட்டம் உள்ள பதிப்பகத்துக்குக் குடும்ப நாவலை அனுப்பி ஆறு மாதம் காத்திருப்பது இரு தரப்புக்கும் வீண். முழுமையான பிரதியை யூனிகோடில், பிழை திருத்தி, ஒரே கோப்பாக அனுப்புங்கள். கூடவே ஒரு பக்கக் கடிதம் போதும். நூல் எதைப் பற்றியது, எந்தெந்தப் பகுதிகள் எங்கே வெளியாகியுள்ளன, நீங்கள் யார் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். பெரிய எழுத்தாளரின் அணிந்துரையோடு அனுப்பினால் எடை கூடும் என்று நினைப்பவர்கள் உண்டு. நல்ல பதிப்பாசிரியர் முதல் பத்துப் பக்கங்களைத்தான் பார்ப்பார்.

இதிலும் மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு. "நாங்களே வெளியிடுகிறோம், நீங்கள் நூறு படிகளை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சில இடங்களில் சொல்வார்கள். அதே 200 ரூபாய்ப் புத்தகத்துக்கு நாற்பது சதவீதக் கழிவு (தள்ளுபடி) போக நூறு படிகளுக்கு 12,000 ரூபாய் ஆகிறது. அது அச்சுச் செலவை ஏறக்குறைய முழுவதுமாக ஈடுகட்டிவிடும். அதாவது பெயர் இரண்டாவது வழி, நடப்பது மூன்றாவது வழி. ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். ஆனால் எதற்கு ஒப்புக்கொள்கிறோம் என்று தெரிந்து ஒப்புக்கொள்ளுங்கள்.

ராயல்டி கணக்கு ஆண்டுதோறும் தானாக வரும் என்றும் எண்ணிக்கொள்ள வேண்டாம். சில பதிப்பகங்கள் ஒழுங்காக அனுப்புகின்றன. சிலவற்றில் கேட்டால்தான் வரும். ஆண்டுக்கொருமுறை கணக்குத் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது இரு தரப்பின் உறவுக்கும் நல்லது.

3. பணம் கட்டி வெளியிடுவது

இங்கே சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் அதிகம் காயப்படுவது இந்த இடத்தில்தான்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பணம் வாங்கிப் புத்தகம் தயாரித்துத் தருவது மோசடி ஆகாது. அச்சு, வடிவமைப்பு, மெய்ப்பு எல்லாமே உழைப்பு. உழைப்புக்குக் கூலி உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் ஊர் வரலாற்றை எழுதுகிறார். ஒரு குடும்பம் தாத்தாவின் நினைவுக் குறிப்புகளைப் புத்தகமாக்கி உறவினர்களுக்குக் கொடுக்க நினைக்கிறது. இவர்களுக்கு இந்த வழிதான் சரி. சந்தையை நம்பாத புத்தகத்துக்குச் சந்தையை நம்பும் பதிப்பகம் தேவையில்லை.

பதிப்பகத்தின் தேர்வு என்ற தோற்றத்தில் இந்தச் சேவை விற்கப்படும்போதுதான் சிக்கல். "உங்கள் பிரதியை எங்கள் குழு தேர்ந்தெடுத்திருக்கிறது" என்று கடிதம் வரும். மகிழ்ச்சி அடங்குவதற்குள் அடுத்த பக்கத்தில் கட்டண விவரம் இருக்கும். பணம் கட்டும் யாருடைய பிரதியும் அங்கே தேர்ந்தெடுக்கப்படும் என்பதை முதல் புத்தகத்தின் ஆசை மறைத்துவிடுகிறது.

பணம் கொடுக்கும் முன் எழுத்துபூர்வமாகப் பதில் வாங்க வேண்டிய கேள்விகள் இவை. கட்டணத்துக்கு எத்தனை படிகள் அச்சாகும், அவற்றில் எத்தனை என் கைக்கு வரும்? விற்காத படிகள் யாருக்கு? "திருத்தம்" என்று பட்டியலில் இருப்பது பதிப்பாசிரியரின் வேலையா, எழுத்துப்பிழை பார்ப்பது மட்டுமா? பக்க வடிவமைப்பின் மூலக் கோப்பையும் அட்டைக் கோப்பையும் எனக்குத் தருவீர்களா? மறுபதிப்புக்கு என்ன செலவு? எந்தெந்தக் கடைகளில் வைப்பீர்கள்? இவற்றில் இரண்டு கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தாலே எழுந்து வந்துவிடலாம்.

புத்தகத்தின் பன்னாட்டு அடையாளமான ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கென்று தனிக் கட்டணம் கேட்டால் எச்சரிக்கையாக இருங்கள். இந்தியாவில் அந்த எண்ணை மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இணையவழியில் இலவசமாகத் தருகிறது. தனியாளாகப் புத்தகம் வெளியிடுகிறவரும் விண்ணப்பித்துப் பெறலாம். விண்ணப்பிக்கும் வேலைக்குச் சிறு கூலி கேட்பது வேறு, எண்ணையே விலைக்கு விற்பது வேறு.

"நூலக ஆணை வாங்கித் தருகிறோம்" என்ற வாக்குறுதியை நம்பி யாரும் பணம் கட்ட வேண்டாம். தமிழகப் பொது நூலகத் துறையின் கொள்முதல் பதிப்பகங்களுக்கு முக்கியமான வருவாய்தான். ஆனால் அதில் தேர்வுக் குழு, விலை நிர்ணயம், நிதி ஒதுக்கீடு எல்லாம் உண்டு. எந்தத் தனிப்பட்ட பதிப்பாளரும் முன்கூட்டியே உறுதி தரக்கூடிய பொருள் அது இல்லை.

ஒரே ஒரு சேர்க்கையை எந்தச் சூழலிலும் ஏற்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பணமும் உங்களுடையது, உரிமையும் அவர்களுக்கு என்று ஒப்பந்தம் இருந்தால் கையெழுத்திட வேண்டாம். செலவு உங்களுடையது என்றால் புத்தகத்தின் ஒவ்வொரு உரிமையும் உங்களிடம்தான் இருக்க வேண்டும்.

4. சொந்தப் பதிப்பு

எழுத்தாளரே பதிப்பாளராவது தமிழில் பெருமைக்குரிய மரபு. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது முன்கூட்டியே கையொப்பத் தொகை வாங்கிச் செலவைச் சமாளித்தார். இன்று "முன்வெளியீட்டுத் திட்டம்" என்று சொல்வது ஏறக்குறைய அதே ஏற்பாடுதான். சி.சு. செல்லப்பா தன் 'எழுத்து' இதழையும் நூல்களையும் தானே வெளியிட்டு, தானே சுமந்து சென்று விற்றார். அவர்களுடைய உறுதியை மதிக்கும் அதே நேரத்தில், அவர்கள் பட்ட பாட்டையும் நினைவில் வையுங்கள்.

மேலே சொன்ன அதே 200 ரூபாய்ப் புத்தகத்தை நீங்களே வெளியிடுவதாக வைத்துக்கொள்வோம். தொகைகள் எடுத்துக்காட்டுக்காக மட்டுமே. உங்கள் ஊர் அச்சகத்தில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். இருநூறு படிகள், படிக்கு 80 ரூபாய் வீதம் அச்சுச் செலவு 16,000. மெய்ப்பு, பக்க வடிவமைப்பு, அட்டை மூன்றுக்கும் 15,000. மொத்தம் 31,000. நூறு படிகளைக் கடைகள் வழியே நாற்பது சதவீதக் கழிவில் விற்றால் 12,000 வரும். அறுபது படிகளை நேரடியாகப் பத்து சதவீதத் தள்ளுபடியில் விற்றால் 10,800. மீதி நாற்பது படிகள் விமர்சகர்களுக்கும் நண்பர்களுக்கும் போய்விடும். கையில் வந்தது 22,800, பற்றாக்குறை 8,200. இருநூறு படிகளும் தீர்ந்துபோன நல்ல நிலையிலேயே கணக்கு இப்படி. வெளியீட்டு விழா வைத்தால் மண்டப வாடகையும் தேநீரும் தனி.

இரண்டாம் அச்சில்தான் நிலைமை மாறும், ஏனென்றால் அந்தப் 15,000 மறுபடி வராது. ஆகவே தனக்கென்று வாசகர் கூட்டம் உள்ளவருக்கு, அதாவது பயிற்சி வகுப்பு நடத்துகிறவர், மேடைப் பேச்சாளர், ஒரு துறையில் பெயர் பெற்ற மருத்துவர் போன்றவர்களுக்கு, சொந்தப் பதிப்பு மிகப் பொருத்தம். நேர் விற்பனை கூடக்கூட லாபம் முழுவதும் அவர்களிடமே நிற்கும்.

கடினம் விற்பனையில் இருக்கிறது. புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சியில் ஒற்றைப் புத்தகத்தோடு தனி அரங்கு எடுப்பதை நினைத்தும் பார்க்க முடியாது. தெரிந்த பதிப்பகங்களின் அரங்கில் பத்துப் பத்துப் படிகளாக வைக்கச் சொல்லி, காட்சி முடிந்ததும் கணக்கு வாங்க வேண்டும். மாவட்டந்தோறும் நடக்கும் புத்தகத் திருவிழாக்கள் இந்த வகையில் சற்று எளிது. உள்ளூர் எழுத்தாளர்களுக்கு அங்கே இடம் ஒதுக்குகிறார்களா என்று விசாரித்துப் பாருங்கள். அஞ்சலில் அனுப்ப, 2025 மே மாதம் அஞ்சல் துறை தொடங்கிய, புத்தகங்களுக்கான ஞான் போஸ்ட் சேவை உதவும். 300 கிராம் வரை 20 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. புத்தகத்தில் அச்சகத்தின் அல்லது பதிப்பகத்தின் பெயர் இருக்க வேண்டும்.

தொழில்நுட்பம் குறித்து ஓர் எச்சரிக்கை. சில வடிவமைப்பாளர்கள் இன்னும் பழைய எழுத்துரு முறைகளில் வேலை செய்கிறார்கள். உங்கள் யூனிகோட் கோப்பை அவர்கள் மாற்றும்போது மேற்கோள் குறிகளும், 'ஸ்ரீ', 'ஔ' போன்ற எழுத்துகளும் சிதையும். ஆகவே மாற்றியபின் வரும் பிடிஎஃப் பிரதியை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை மறுபடி படித்தே ஆக வேண்டும். நீங்கள் மட்டும் படித்தால் போதாது. சந்திப்பிழை பார்க்கத் தெரிந்த ஒருவருக்குப் பணம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். சொந்தப் பதிப்பில் எந்தச் செலவைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

பதிப்பாளர் என்ற முறையில் ஒரு கடமையும் வந்து சேர்கிறது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாள்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் படி அனுப்ப வேண்டும். உங்கள் புத்தகம் இருந்ததற்கான நிரந்தரச் சான்று அது.

5. கிண்டிலும் பிரதிலிபியும்

செலவு அநேகமாக இல்லாத வழி இது, வேகமும் அதிகம். அமேசானின் கிண்டிலில் தமிழ் மின்னூலை நீங்களே ஏற்றலாம், ஐ.எஸ்.பி.என். கட்டாயமில்லை. ராயல்டி 35 சதவீதம் அல்லது 70 சதவீதம். இந்திய வாசகருக்கு விற்கும்போது 70 சதவீதம் வேண்டுமானால் கேடிபி (கிண்டிலின் பதிப்புத் தளம்) நடத்தும் செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாள்களுக்கு அந்த நூலின் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. நீங்கள் நிறுத்தாவிட்டால் அந்தக் காலம் தானாகவே நீளும். பிரதிலிபி என்னும் இணையத் தளத்தில் தொடராக எழுதியதை நீக்காமல் செலக்ட்டில் சேர்த்தால் விதிமீறல் ஆகிவிடும்.

பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட பிரதிலிபி தொடர்கதை எழுதுகிறவர்களுக்கு ஏற்ற களம். குடும்ப நாவல், காதல், திகில் எழுதுகிறவர்களுக்கு அங்கே உடனடி வாசகர்கள் கிடைக்கிறார்கள். ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் வரும் எதிர்வினை, தொடர்ந்து எழுதும் ஒழுங்கைக் கற்றுத் தரும். அதைக் குறைத்து மதிப்பிடுகிற இலக்கியவாதிகளோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் செறிவான சிறுகதையோ கவிதையோ எழுதுகிறவர்களுக்கு அந்த வாசகர் கூட்டம் பொருந்துவதில்லை.

இரண்டு தளங்களிலும் முதல் அளவுகோல் வெறுமையாக இருக்கிறது. வாசிக்கும் ஆசிரியர் இல்லை. பிழையோடு ஏற்றினால் பிழையோடுதான் நிற்கும்.

ஒரே பார்வையில்

| | வாசிப்பவர் | செலவு | உரிமை | கிடைக்கும் இடம் | காலம் |
|---|---|---|---|---|---|
| இதழ்கள், போட்டிகள் | இதழாசிரியர், நடுவர் | இல்லை | பெரும்பாலும் உங்களிடம். போட்டி விதியைப் பார்க்கவும் | இதழின் வாசகர்கள் | சில மாதங்கள் |
| ராயல்டி தரும் பதிப்பகம் | பதிப்பாசிரியர் | இல்லை; படிகளை வாங்கச் சொன்னால் உண்டு | ஒப்பந்தப்படி | கடைகள், காட்சிகள், நூலகங்கள் | ஓராண்டு அல்லது அதற்கு மேல் |
| கட்டணப் பதிப்பு | பெரும்பாலும் யாருமில்லை | முழுவதும் உங்களுடையது | உங்களிடமே இருக்க வேண்டும் | உறுதியில்லை | ஓரிரு மாதங்கள் |
| சொந்தப் பதிப்பு | நீங்கள் அமர்த்துபவர் | முழுவதும் உங்களுடையது | முழுவதும் உங்களிடம் | நீங்கள் கொண்டுசேர்க்கும் இடமெல்லாம் | இரண்டு, மூன்று மாதங்கள் |
| கிண்டில், பிரதிலிபி | யாருமில்லை | மிகக் குறைவு | உங்களிடம். செலக்ட்டில் 90 நாள் கட்டுப்பாடு | இணையம் மட்டும் | சில நாள்கள் |

ஐந்திலும் சேராத சில வாய்ப்புகள்

30 வயதுக்கு உட்பட்டவர்கள் பிரதமர் யுவா வழிகாட்டுத் திட்டத்தைக் கவனியுங்கள். 2021இல் நேஷனல் புக் டிரஸ்ட் வழியாகத் தொடங்கிய இத்திட்டத்தில் தேர்வாகும் எழுத்தாளருக்கு மாதம் 50,000 ரூபாய் வீதம் ஆறு மாதம் உதவித்தொகை, வழிகாட்டி, நூல் வெளியீடு, 10 சதவீத ராயல்டி உண்டு. தமிழிலும் விண்ணப்பிக்கலாம். தலைப்பை அவர்கள் தருவார்கள் என்பதும், பெரிதும் வரலாறு, பண்பாடு சார்ந்த எழுத்துக்கானது என்பதும் இதன் எல்லை. மூன்றாம் சுற்று 2025இல் அறிவிக்கப்பட்டது.

தமிழக அரசின் தமிழ் வளர்ச்சித் துறை, நூல் வெளியிட நிதியுதவி தருகிறது. வருமான வரம்பு உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியின எழுத்தாளர்களுக்குத் தனித் திட்டமும் இருக்கிறது. பணம் கட்டி வெளியிட நகையை அடகு வைக்க நினைக்கிறவர்கள், அதற்கு முன் இந்த அறிவிப்புகளைப் பாருங்கள். சாகித்திய அகாடமியின் இளம் எழுத்தாளர் விருதான யுவ புரஸ்கார் 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது, தொகை 50,000 ரூபாய். ஆனால் அந்த வயது வரம்பை நினைத்துத் தொகுப்பை அவசரமாகக் கொண்டுவருவது சரியான காரணம் ஆகாது.

கையெழுத்திடும் முன்

எந்த வழியில் போனாலும் ஒருநாள் ஒரு தாளில் கையெழுத்திடுவீர்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, எழுத்தாளருக்கு நிறையவே துணை நிற்கிறது. எழுதி முடித்த கணத்திலேயே பதிப்புரிமை உங்களுடையது. பதிவு செய்வது கட்டாயமில்லை, விரும்பினால் 500 ரூபாய்க் கட்டணத்தில் பதிவு செய்யலாம். உங்கள் காலம் முழுவதும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் அந்த உரிமை நீடிக்கும். அதன் 19ஆம் பிரிவை மட்டுமாவது தெரிந்துகொள்ளுங்கள். எழுத்தில் இல்லாத, நீங்கள் கையெழுத்திடாத உரிமை மாற்றம் செல்லாது. எவ்வளவு காலம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தாலொழிய, அது காலாவதியாகும்.

ஆகவே, "அனைத்து உரிமைகளும், எல்லாக் காலத்துக்கும், உலகம் முழுவதும்" என்ற தொடரைக் கண்டால் நிறுத்திக் கேளுங்கள். அச்சு உரிமை மட்டும், மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்கு என்று எழுதச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். 2023 முதல் சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சியில் தமிழ் நூல்களின் மொழிபெயர்ப்பு உரிமைகள் பேசப்படுகின்றன. தமிழக அரசு மொழிபெயர்ப்புக்கு மானியமும் அறிவித்திருக்கிறது. பத்தாண்டுகளுக்கு முன் யாரும் பொருட்படுத்தாத அந்த உரிமைக்கு இன்று மதிப்பு வந்திருக்கிறது.

யாருக்கு எது

சிறுகதை, கவிதை எழுதுகிறவர், இன்னும் எந்த இதழிலும் வெளியாகாதவர்: முதல் வழி மட்டும். ஐந்தாறு படைப்புகள் வெளியாகும்வரை தொகுப்பைப் பற்றி யோசிக்க வேண்டாம். முடித்த நாவல் கையில் இருந்தால் இரண்டாவது வழி. மூன்று பதிப்பகங்கள் மறுத்தால் நான்காவதற்கு அனுப்பும் முன், தாட்சண்யம் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தொடர்கதை எழுதுகிறவருக்கு ஐந்தாவது வழி, பிறகு அந்த வாசகர்களை நம்பிச் சொந்தப் பதிப்பு. குடும்ப வரலாறு, ஊர் வரலாறு எழுதுகிறவருக்கு மூன்றாவது அல்லது நான்காவது. துறைசார் நூல் எழுதும் நிபுணர், கேட்கக் கூட்டம் இருந்தால், நேராக நான்காவது வழிக்கே போகலாம்.

முதலில் கேட்டவருக்கும் பதில் சொல்ல வேண்டும். எட்டு மாதம் பதில் தராத பதிப்பகத்துக்கு, பிரதியைத் திரும்பப் பெறுவதாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். முப்பதாயிரத்தைக் கொடுக்க வேண்டாம். கிண்டிலும் இப்போது வேண்டாம். பன்னிரண்டில் சிறந்த நான்கைத் தேர்ந்தெடுத்து, நான்கு வெவ்வேறு இதழ்களுக்கு இந்த வாரமே அனுப்புங்கள். ஜனவரிப் புத்தகக் காட்சிக்கான பட்டியலைப் பதிப்பகங்கள் பல மாதங்களுக்கு முன்பே முடிவு செய்யத் தொடங்கிவிடும். ஆகவே அடுத்த ஆண்டு கோடைக்குள், வெளியான கதைகளின் விவரத்தோடு, திருத்திய தொகுப்பை இரண்டாவது பதிப்பகத்துக்கு அனுப்பத் தயாராக இருங்கள்.